கேம் ஆடினால் லேப்டாப் கெட்டுப்போகுமா? வீட்டில் தினமும் இதே வாக்குவாதம்

செங்காங்_மீனா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்கு ஒரு கேமிங் லேப்டாப் வாங்கிக் கொடுத்து நாலு மாதம்தான் ஆகிறது, உள்ளே ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் சிப், விலை இரண்டாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. பாடத்துக்கும் அதுதான், கேமுக்கும் அதுதான். இப்போது பெரிய கேம் ஒன்றை ஏற்றியிருக்கிறான், அதைத் திறந்து கொஞ்ச நேரத்திலேயே ஃபேன் சத்தம் வரவேற்பறை வரைக்கும் கேட்கிறது, கீபோர்டுக்கு மேலே உள்ள பட்டையில் விரல் வைக்க முடியவில்லை. வெப்பம் காட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம், சிபியு 97 டிகிரி, கிராபிக்ஸ் 84 டிகிரி. சில சமயம் ஆடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து மிஷின் தானாக அணைந்துவிடுகிறது.

என் கணவர் "இப்படி ஆடினா மிஷின் ஆறு மாசம் தாங்காது, கேமை எடுத்துடு" என்கிறார். மகன் "கேம் ஆடத்தானேப்பா இதைச் செஞ்சிருக்காங்க" என்கிறான். வாங்கிய கடைக்குப் போன் செய்தேன், "ஹெவி கேம் ஆடிக் கெட்டுப்போனா வாரண்டி கிடைக்காது" என்று சொல்லிவிட்டார்கள். இவர்களில் யார் சொல்வது சரி? ஆமாம் இல்லை என்று மட்டும் சொல்லாமல் காரணத்தோடு சொன்னால் நல்லது, ஏனென்றால் வீட்டில் இரண்டு பேருக்கும் நான்தான் விளக்க வேண்டும். அவனுடைய ப்ராஜெக்ட் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பொங்கோல்_நைட்:

அக்கா, உங்கள் மகன் சொல்வது சரி. கேம் என்பது ஒரு மென்பொருள், நல்ல நிலையில் இருக்கும் மிஷினை அதனால் எரிக்க முடியாது. 97 டிகிரி கேமிங் லேப்டாப்பில் சாதாரணம். தானாக அணைவது மட்டும் சாதாரணம் இல்லை, அதைக் கடையில் காட்டுங்கள்.

பழுதுமேசை:

மேலே நண்பர் சொன்ன முடிவு சரிதான், ஆனால் அக்கா காரணம் கேட்டிருக்கிறார், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். லேப்டாப் பழுதுபார்க்கும் வேலையில் ரொம்ப வருடமாக இருக்கிறேன்.

மிஷினின் மூளையான சிபியுவும் படம் வரையும் கிராபிக்ஸ் சிப்பும் தங்கள் வெப்பத்தைத் தாங்களே அளந்துகொண்டே இருக்கின்றன. இண்டெல் லேப்டாப் சிப்புகள் பெரும்பாலானவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. அதை நெருங்கும்போது சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் கொஞ்சம் திக்கும், வெப்பம் இறங்கும், திரும்ப வேகம் கூடும். அப்படியும் கட்டுக்கு அடங்காவிட்டால் கடைசியில் மின்சாரத்தையே துண்டித்துவிடும். இந்தக் காவல் எல்லாம் சிப்புக்கும் மதர்போர்டுக்கும் உள்ளேயே இருக்கிறது, கேம் எழுதியவர் நினைத்தாலும் அதைத் தாண்ட முடியாது. இண்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2022இல் ரைசன் 7000 டெஸ்க்டாப் சிப்புகளை வெளியிட்டபோது, முழுச் சுமையில் 95 டிகிரி வரை போவது வடிவமைப்பிலேயே இருப்பது, பயப்பட வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னது. அதனால் 97 என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். மனித உடம்புக்கு 40 டிகிரி காய்ச்சல் என்று பழகிய கண்ணுக்கு அது பயங்கரமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அதற்காக உங்கள் கணவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. வெப்பம் பொருளுக்கு வயதைக் கூட்டும், அது உண்மை. சிப்பைவிட அதைச் சுற்றியிருக்கும் பொருள்கள்தான் முதலில் தளரும். சிப்புக்கும் அதன் சூட்டைக் கடத்தும் செம்புக் குழாய்க்கும் நடுவில் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் சூட்டில் காய்ந்து ஓரத்துக்கு ஒதுங்கும். ஃபேனின் பேரிங் தேயும். பேட்டரி சூட்டில் சீக்கிரம் கிழடாகும், சிலது உப்பும். அடாப்டருக்குள்ளும் டெஸ்க்டாப் பவர் சப்ளைக்குள்ளும் மின்சாரத்தைச் சீராக்க இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு, 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. அப்புறம் சூடாகிக் குளிர்ந்து, திரும்பச் சூடாகிக் குளிர்ந்து என்று ஓடும்போது சிப்பின் அடியில் இருக்கும் நுண்ணிய இணைப்புகளும் விரிந்து சுருங்குகின்றன. 2007இல் மைக்ரோசாப்டின் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த சிவப்பு வளையப் பிரச்சினை (முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி செத்துப்போவது) அந்த வகைதான். மைக்ரோசாப்ட் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டி, அதற்காக ஒரு பில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் ஒதுக்கியது. அடுத்த வருடம் கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா, தன்னுடைய சில லேப்டாப் சிப்புகளில் பயன்படுத்திய பொருள் வெப்பத்தைத் தாங்கவில்லை என்று சொல்லி 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை தனியே எடுத்து வைத்தது. இரண்டிலும் கேம் ஆடியவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பயன்படுத்த வேண்டிய விதத்தில் பயன்படுத்தினார்கள், தயாரிப்பு தாங்கவில்லை.

இதே சூட்டை வீடியோ எடிட்டிங்கும் கொடுக்கும், உங்கள் மகன் பாடத்துக்காக முப்பரிமாண ரெண்டரிங் செய்தால் அதுவும் கொடுக்கும். கேமை மட்டும் எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன், இணையத்தில் பார்க்கும் அறிவுரை பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. ஃபேன் வெளிக்காற்றை இழுத்துத்தான் சிப்பைக் குளிர்விக்கிறது, அறையே சூடாக இருந்தால் அந்தச் சூடு அப்படியே மேலே கூடும். மத்தியானம் வெயில் படும் அறையில் 32 டிகிரி, ஏர்கான் போட்டால் 25 டிகிரி. அந்த ஏழு டிகிரி வித்தியாசம் சிப்பிலும் கிட்டத்தட்ட அப்படியே தெரியும். தூசி இன்னொரு பக்கம். இங்கே காற்றில் ஈரம் எப்போதும் அதிகம், தூசி உதிராமல் ஒட்டிக்கொள்ளும். நம் வீடுகளில் தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. நம்மவர்கள் வீட்டு லேப்டாப்பைத் திறந்தால் ஹீட்சிங்க் என்ற, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளின் வாயில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலம் அடைத்துக்கொண்டிருக்கும், அதைப் பிய்த்து எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சாம்பிராணி போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அந்த நேரம் லேப்டாப்பை மூடி வேறு அறையில் வையுங்கள், போதும்.

உங்கள் மிஷின் வாங்கி நாலு மாதம்தான் என்கிறீர்கள், அதற்குள் அவ்வளவு தூசி சேராது. அதனால் தானாக அணைவதற்கு வேறு காரணம் தேட வேண்டும். மெத்தை மேல் வைத்து ஆடுகிறானா என்று பாருங்கள், அடியில் இருக்கும் காற்றுவழி மொத்தமாக அடைபடும். எந்த சார்ஜரைச் செருகுகிறான் என்றும் பாருங்கள். பாலிடெக்னிக்குக்குத் தூக்கிப்போகக் கனம் குறைவு என்று சின்ன யுஎஸ்பி-சி சார்ஜரில் கேம் ஆடுகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். கூட வந்த பெரிய அடாப்டர் 200 வாட்டுக்கு மேல் கொடுக்கும், சின்னது 65 அல்லது 100 வாட்டோடு சரி. மீதியைப் பேட்டரியிலிருந்து உறிஞ்சும், பேட்டரி தளர்ந்ததும் வேகம் விழும், சில மிஷின்கள் அணைந்தே போகும். இந்த இரண்டும் இல்லை என்றால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை, அல்லது ஒரு ஃபேன் சுற்றவில்லை, அல்லது அடாப்டரில் கோளாறு. எதுவானாலும் கடைக்காரர் பார்த்துத் தர வேண்டியது.

ஜூரோங்_அருண்:

கேமால் எரிக்கவே முடியாது என்று எழுதுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்ட் கேமின் பீட்டா (சோதனைப் பதிப்பு) வந்தபோது என்ன நடந்தது? ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3090 கிராபிக்ஸ் கார்டுகள் கேமின் மெனுவிலேயே செத்துப்போயின. மற்ற கேம்களில் ஓடிக்கொண்டிருந்த கார்டு அந்த ஒரு கேமைத் திறந்ததும் போனது என்றால், அந்தக் கேமுக்குப் பங்கே இல்லை என்று எப்படிச் சொல்வது? அமேசானும் மெனுவில் ஃபிரேம் ரேட்டுக்கு (நொடிக்கு எத்தனை படம் வரைவது என்பதற்கு) வரம்பு வைத்து உடனே ஒரு திருத்தம் விட்டது. தப்பே இல்லை என்றால் எதற்குத் திருத்தம்?

பழுதுமேசை:

அருண், நல்ல கேள்வி, ஆனால் அந்தக் கதைக்கு ஒரு முடிவும் இருக்கிறது. செத்தவற்றில் அதிகம் பேசப்பட்டவை இவிஜிஏ என்ற நிறுவனம் தயாரித்த கார்டுகள். அந்த நிறுவனம் திரும்பி வந்த கார்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட் பகுதியைச் சுற்றிச் சால்டரிங் சரியில்லை என்று கண்டுபிடித்தது. சுமார் இரண்டு டஜன் கார்டுகள், எல்லாம் ஆரம்பத்தில் தயாரித்தவை. எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தது. அதே கேமை அதே மெனுவில் எத்தனையோ பேர் ஆடினார்கள், அவர்கள் கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மெனுவில் ஏன் போனது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மெனுவில் வரைவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வரம்பு வைக்காவிட்டால் கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கில் ஃபிரேம் போட்டுத் தள்ளும், மின்னோட்டம் சட்டென்று ஏறி இறங்கும். நல்ல சால்டர் அதைத் தாங்கும், அரைகுறைச் சால்டர் தாங்காது. 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 கேம் வந்தபோதும் இதே மெனுப் புகார்தான். அதைச் செய்த பிளிசார்டு நிறுவனம், கேமின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரி சேர்த்து ஃபிரேம் ரேட்டைக் கட்டச் சொன்னது, அதோடு சரியாக இருக்கும் மிஷினில் இதனால் பழுது வராது, குளிர்விப்பு சரியில்லாத இடத்தில்தான் வரும் என்றும் சொன்னது. நான் அதை முழுக்க நிறுவனத்தின் பக்கம் நின்று பார்க்கவில்லை. மெனுவுக்கு வரம்பு வைக்காமல் ஒரு கேமை வெளியிடுவது கவனக்குறைவு, அதில் உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கார்டைக் கொன்றது பிழையான தயாரிப்பு.

மென்பொருளால் நேரடியாக ஹார்ட்வேர் போன சம்பவம் வேண்டுமென்றால், அதே 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இருக்கிறது. ஃபேன் கட்டுப்பாட்டில் கோளாறு, கேம் நடுவில் ஃபேன் சரியாகச் சுற்றாமல் கார்டுகள் காய்ந்தன, உடனே திரும்பப் பெற்றார்கள். அங்கேயும் கேமுக்குப் பங்கு இல்லை, ஃபேனை ஆளும் டிரைவர்தான் குற்றவாளி.

பிடோக்_சிபியு:

இதோடு இண்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியுக்களின் விவகாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கேமைத் தப்பாகக் குறை சொன்னதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் சமீபத்தில் இல்லை. 2023, 2024இல் அன்ரியல் எஞ்சின் என்ற கேம் தயாரிக்கும் மென்பொருளில் செய்த கேம்களைத் திறந்தால், காட்சியை வரையும் ஷேடர் நிரல்களைத் தொகுக்கும் கட்டத்திலேயே "வீடியோ நினைவகம் போதவில்லை" என்று பிழை வந்து கேம் விழுந்தது. ஜனங்கள் கேமைத் திட்டினார்கள், என்விடியா டிரைவரைத் திட்டினார்கள், கிராபிக்ஸ் கார்டைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் பார்த்தால் சிபியுதான் தன்னளவில் தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கித் தானே தேய்ந்துகொண்டிருந்தது. இண்டெல் 2024 ஆகஸ்டில் 0x129, செப்டம்பரில் 0x12B என்று மைக்ரோகோடு (சிப்புக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்கள் விட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கனவே தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது, மாற்றித்தான் ஆக வேண்டும். அதிலும் ஒரு விஷயம், அந்தச் செப்டம்பர் திருத்தம் குறிவைத்ததே மிஷின் சும்மா இருக்கும்போதும் லேசான வேலையின்போதும் ஏறும் மின்னழுத்தத்தை. கேம் ஆடாத நேரத்திலும் சிப் தேய்ந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

மீனா அக்கா, இது உங்களைப் பயமுறுத்த இல்லை. லேப்டாப் சிப்புகளுக்கு இந்தக் கோளாறு இல்லை என்று இண்டெல் சொல்லியிருக்கிறது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால், இன்றைக்கே பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) பதிப்பைப் பாருங்கள், அந்தத் திருத்தம் அதன் வழியாகத்தான் வரும்.

கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி பற்றியும் ஒரு வரி, பெரிய கேம் ஏற்றினால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று நிறையப் பெற்றோர் நினைக்கிறார்கள். 1 டெராபைட் எஸ்எஸ்டிக்குப் பொதுவாக 600 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். 150 ஜிகாபைட் கேமைத் தினமும் புதிதாக ஏற்றினாலும் அந்தக் கணக்கைத் தொட 4000 நாள் ஆகும். ஆடும்போது கேம் பெரும்பாலும் படிக்கத்தான் செய்கிறது, எழுதுவது குறைவு.

தேக்கா_லதா:

கேம் தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது, கடை சொன்ன பதிலுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. கேமிங் லேப்டாப் என்று பெயர் போட்டு, கேமிங் என்று விளம்பரம் செய்து விற்றுவிட்டு, கேம் ஆடினால் பொறுப்பில்லை என்பதா? விற்ற நோக்கத்துக்கே பயன்படுத்துவது எந்தக் கணக்கிலும் முறைகேடு ஆகாது.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல், கோளாறான பொருள் வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் நடப்பில் இருக்கிறது, பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தின் ஒரு பகுதி அது. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், கொடுக்கும்போதே அந்தக் கோளாறு இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். ஆறு மாதம் தாண்டிவிட்டால் நிரூபிக்கும் சுமை உங்கள் பக்கம் வந்துவிடும். உங்களுக்கு நாலு மாதம்தான் ஆகிறது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அதை நியாயமான காலத்துக்குள் செய்து தராவிட்டால் விலைக் குறைப்போ, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணமோ கேட்கலாம். இந்த உரிமை விற்ற கடையின் மேல் இருப்பது, தயாரிப்பாளர் தரும் வாரண்டி வேறு. கடைக்காரர் "நீங்களே பிராண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்று கைகழுவினால் இதைச் சொல்லுங்கள். தனி ஆளிடமிருந்து பழைய பொருள் வாங்கியவர்களுக்கு மட்டும் இந்தச் சட்டம் உதவாது.

போனில் பேசாதீர்கள், மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ எழுத்தில் இருக்கட்டும். திரை அணைவதை வேறொரு போனில் வீடியோ எடுத்து வையுங்கள், வெப்ப எண்களையும் படம் எடுங்கள். ரசீதில் தேதி தெரிய வேண்டும். அவர்கள் மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்திடம், நாம் எல்லாரும் கேஸ் (CASE) என்று சொல்வோமே, அங்கே புகார் கொடுக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை அங்கே போகலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

செங்காங்_மீனா:

இவ்வளவு விளக்கமாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. மகனிடம் கேட்டேன், மேசை மேல்தான் வைத்து ஆடுகிறான், பெரிய அடாப்டர்தான் போடுகிறான். அப்படியானால் கோளாறு மிஷினில்தான் என்று எனக்கும் தோன்றுகிறது. அவன் அப்பாவும் பதில்களைப் படித்தார். "சரி, கடை பார்த்துத் தரட்டும், அதுவரைக்கும் அந்தக் கேம் வேணாம்" என்று இறங்கி வந்திருக்கிறார். இன்னும் இரண்டு சந்தேகம். எப்போதும் சார்ஜரிலேயே செருகி வைத்திருக்கிறான், அது பேட்டரிக்குக் கெடுதலா? வீட்டு வேக்குவம் கிளீனரால் அந்தக் காற்றுவழியைச் சுத்தம் செய்யலாமா?

பொங்கோல்_நைட்:

வேக்குவம் வேண்டாம் அக்கா, குழாய் நுனியில் நிலைமின்சாரம் சேரும். பின்னாளில் தூசி சேர்ந்தால் கையால் அழுத்தும் ஊதுகுழலோ சின்ன புளோவரோ போதும், ஊதும்போது ஃபேன் வேகமாகச் சுற்றாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போதைக்கு எதையும் திறக்காதீர்கள், கடைக்குப் போகும்வரை ஸ்குரூவைத் தொட்டதாகக்கூட இருக்கக் கூடாது.

மிஷின் திரும்பி வந்ததும் ஃபிரேம் ரேட்டை 60இல் கட்டிவிடச் சொல்லுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்றே இருக்கிறது, ஒரு தடவை வைத்தால் மெனு உட்பட எல்லாக் கேமுக்கும் பொருந்தும். கதை கேமுக்கு 60 தாராளம், 144 ஹெர்ட்ஸ் திரை இருக்கிறது என்பதற்காக எப்போதும் 144 ஓட வேண்டியதில்லை. சூடும் சத்தமும் அதிலேயே நன்றாகக் குறையும். லேப்டாப்பின் பின்பக்கத்தை ஒரு விரல் உயரம் தூக்கி வைத்தால் இன்னும் நல்லது. இருபது வெள்ளி கூலிங் பேட் வாங்குவதற்கு முன்னால் இந்த இரண்டையும் செய்து பாருங்கள்.

பழுதுமேசை:

பேட்டரி பற்றி: செருகியே வைத்திருப்பது தப்பில்லை, 100 சதவீதத்தில் சூட்டோடு நிற்பதுதான் கெடுதல். பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் அதன் சொந்த மென்பொருளிலேயே 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடிப்பக்கம் மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம், உடனே அணைத்துவிட்டு சார்ஜரைக் கழற்றுங்கள், நீங்களாகக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம்.

கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் மகனுடைய ப்ராஜெக்ட் கோப்புகளை வெளி டிரைவ் ஒன்றில் நகல் எடுத்துவிடுங்கள், ஒன்டிரைவ் இணையச் சேமிப்பில் இருக்கிறது என்று அவன் சொன்னாலும் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மதர்போர்டை மாற்ற வேண்டி வந்தால் சில சர்வீஸ் சென்டர்கள் எஸ்எஸ்டியை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றித்தான் திருப்பித் தருவார்கள். கேமின் சேவ் கோப்புகளையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், பிள்ளைக்கு அதுவும் முக்கியம்.